விடுவிக்காமற்போனாலும்

என் அண்ணனுக்குச் சுகம் கிடைக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விசுவாசத்தைப் பற்றி யாராவது அனுபவம் எழுதினால், கடைசியில் ஓர் அற்புதம் வரும் என்று வாசிக்கிறவர்கள் காத்திருப்பது வழக்கம். இதில் அது இல்லை. இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து, சில வருடங்கள் டயாலிசிஸில் இருந்து, ஒரு நோய்த்தொற்றில் அவர் இறந்துபோனார். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தக் காலத்தில்தான், கிறிஸ்தவ நம்பிக்கை என்று நான் அதுவரை எதைச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே புரிய ஆரம்பித்தது.

டயாலிசிஸ் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக. சிறுநீரகம் செய்ய வேண்டிய ரத்தச் சுத்திகரிப்பை ஒரு மிஷின் செய்யும். வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம். அதற்கு வசதியாக முன்கையில் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் ஆபரேஷன் செய்து இணைத்துவிடுவார்கள். ஃபிஸ்டுலா என்பார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால், பூனை மடியில் படுத்து உறுமுகிற மாதிரி உள்ளே ஓர் அதிர்வு தெரியும். அண்ணன் தினமும் கண் விழித்ததும் முதல் வேலையாக அதைத் தொட்டுப் பார்ப்பார். அதிர்வு நின்றுவிட்டால் உள்ளே அடைப்பு என்று அர்த்தம். உடனே ஓட வேண்டும். மிஷினில் ஏறுவதற்கு முன் எடை, இறங்கியபின் எடை. தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். முடிந்து எழும்போது ஆள் பிழிந்து போட்ட துணியாக இருப்பார். மறுநாள் கொஞ்சம் தெளிவார். அதற்கு மறுநாள் திரும்பவும் அதே நாற்காலி.

ஆரம்பத்தில் எங்கள் நம்பிக்கை முழுக்க ரத்தப் பரிசோதனைத் தாளில் இருந்தது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் கொஞ்சம் இறங்கினால் வீட்டில் ஸ்தோத்திரம், ஏறினால் யாரும் பேசமாட்டோம். அப்புறம் மாற்று சிறுநீரகம் என்ற பேச்சு வந்தது. நான் கொடுக்கிறேன் என்றேன். ரத்த வகை பொருந்தியது. கர்த்தர் வழி திறந்துவிட்டார் என்று சபையில் எழுந்து நின்று சாட்சிகூடச் சொன்னேன். பிறகு வந்த சோதனைகளில் எனக்கே சர்க்கரை நோய் தொடங்கியிருப்பது தெரிந்தது. கொடுக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணி பொருந்தவில்லை. வேறு ஆள் இல்லை. அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட ஏமாற்றம் மருத்துவத்தின் மேல் இல்லை, கடவுளின் மேல்தான். வழியைத் திறந்து காட்டிவிட்டு மூடுவானேன்?

அண்ணன் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். அவர் இயல்பிலேயே கொஞ்சம் குறும்புக்காரர், வேதத்தை நன்றாக வாசிக்கிறவர். அவரிடமிருந்து நான் கற்றதில் பெரும்பகுதி, வேதத்தில் எரேமியா தீர்க்கதரிசியின் புத்தகத்தில் மூன்று அதிகாரங்களுக்குள் அடங்கிவிடும்.

அது இப்படி வந்தது. ஒருநாள் ஒருவர் ஜெபிக்க வந்தார். தலையில் கைவைத்து உருக்கமாக ஜெபித்துவிட்டு, "மூணு மாசத்துல இந்த மிஷினை விட்டு இறங்கிடுவீங்க. கர்த்தர் எனக்குக் காட்டினார்" என்றார். அண்ணி அழுதேவிட்டார். அண்ணன் "ஆமென்" என்றார். வந்தவர் போனதும் என்னைப் பார்த்து, "டேய், எரேமியா 28 எடு" என்றார்.

தெரியாதவர்களுக்குக் கதையைச் சொல்கிறேன். கி.மு. 597-இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்து, யூதாவின் ராஜாவையும் பிரபுக்களையும் கைவினைஞர்களையும் சிறைப்பிடித்துக்கொண்டு போனான். ஆலயத்தின் பாத்திரங்களும் போயின. சில வருடங்களில் அனனியா என்ற ஒரு தீர்க்கதரிசி எழும்பி, எல்லா ஜனங்களுக்கும் முன்பாக, இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும், போனவர்களும் வருவார்கள் என்றான். கேட்க எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! அப்போது எரேமியா, கழுத்தில் ஒரு மரநுகத்தோடு அங்கே நிற்கிறார். பாபிலோனுக்குக் கீழ்ப்பட்டிருக்க வேண்டிய காலம் இது என்பதற்கு அது அடையாளம். அனனியா சொன்னதைக் கேட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக." அவருக்கும் ஆசைதான். ஆனால் அது நடக்கப்போவதில்லை என்றும் அவருக்குத் தெரியும். அனனியா அந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்துப் போட்டான். ஜனங்கள் எந்தப் பக்கம் நின்றிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்த அதிகாரத்தில் எரேமியா பாபிலோனுக்கு ஒரு கடிதம் அனுப்புகிறார். வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், கல்யாணம் பண்ணுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள். 70 வருடம் ஆகும். இதற்கு அடுத்த வசனம்தான் நம்மில் பலர் மனப்பாடமாகச் சொல்கிற 29:11, "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்கிற வாக்குத்தத்தம். வாழ்த்து அட்டையிலும் சுவரிலும் அதை எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறேன். முந்தின வசனத்தில் இருக்கிற 70 வருடத்தை ஒரு அட்டையிலும் பார்த்ததில்லை.

அண்ணன் சொன்னது இது: "இந்த லெட்டரை வாசிக்கக் கேட்ட பெரியவங்கள்ல முக்காவாசிப் பேர் ஊருக்குத் திரும்பிப் போகவே இல்லடா. அங்கேயே செத்திருப்பாங்க. ஆனா வாக்குத்தத்தம் அவங்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னது. அப்போ அது எப்படி உண்மைன்னு யோசி."

நான் யோசித்தேன். ரொம்ப நாள் யோசித்தேன். அவர்களுக்குக் கிடைத்த சமாதானம் எருசலேமுக்குத் திரும்புவது மட்டும் என்றால், பெரும்பாலோருக்கு அது பொய்த்துப்போனது. ஆனால் கடிதத்தில் இன்னொன்றும் இருக்கிறது: என்னைத் தேடினால் கண்டுபிடிப்பீர்கள் என்கிறார் கர்த்தர். பாபிலோனில் ஆலயம் இல்லை, பலிபீடம் இல்லை. அங்கேயும் அவர் கிடைப்பார் என்பதுதான் திரும்பிப் போகாதவர்களுக்கும் கிடைத்த பங்கு. நம்பிக்கையை ஒரு முடிவின் மேல் வைத்தால், அந்த முடிவு வராதபோது நம்பிக்கையும் அதோடு போகும். கடவுளின் மேலேயே வைத்தால், முடிவு வராமல் போவது கொடுமையாக வலிக்கும், ஆனாலும் கீழே விழுந்து நொறுங்க வேண்டியதில்லை. சொல்ல எளிது, தெரியும். எனக்கு இது தலையிலிருந்து கொஞ்சம் கீழே இறங்கவே வருடக்கணக்கானது.

அந்த மூன்று மாதமும் வந்து போனது. ஒன்றும் நடக்கவில்லை. அன்றிலிருந்து யாராவது தேதி குறித்து ஆறுதல் சொன்னால், அவர் போனபின் அண்ணன் என்னைப் பார்த்து, "அனனியா வந்துட்டுப் போனார்" என்பார். கோபமில்லாமல்தான். வந்தவரும் அன்பினால்தான் சொன்னார் என்று அவருக்குத் தெரியும். ஆனால் ஒரு விஷயத்தை நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல விரும்புகிறேன். தேதி குறிக்கிறவர்கள் விட்டுப்போகிற பாரம் நோயாளியின் மேல்தான் விழுகிறது. நடக்காமல் போகும்போது, சொன்னவர் அங்கே இருப்பதில்லை. "உனக்கு விசுவாசம் போதவில்லையோ" என்ற கேள்வி மட்டும் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அதை நம்பி மருந்தை நிறுத்தச் சொல்கிறவர் யாராவது வந்தால் வாசலிலேயே நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். பவுலோடு பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர். எத்தனையோ பேரைச் சுகமாக்கிய அதே பவுல், துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்ததாக எழுதுகிறார். தீமோத்தேயுவின் வயிற்றுக்கு அவர் தைலம் பூசி அனுப்பவில்லை, கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள் என்று எழுதினார்.

"உமக்குச் சித்தமானால்" என்று ஜெபிப்பது அவிசுவாசம் என்று எங்களிடம் சொன்னவர்களும் உண்டு. அப்படியானால் கெத்செமனேயில் ஆண்டவர் ஜெபித்தது என்ன? இந்தப் பாத்திரத்தை என்னைவிட்டு எடுத்துப்போடும் என்று நேராகவே கேட்டார், சுற்றி வளைக்கவில்லை. என் சித்தத்தின்படியல்ல என்றும் சேர்த்துக்கொண்டார். தானியேல் புத்தகத்தில் அக்கினிச்சூளைக்கு முன் நின்ற மூன்று வாலிபரும் அப்படித்தான். எங்கள் தேவன் விடுவிக்க வல்லவர் என்றார்கள். விடுவிக்காமற்போனாலும் உன் சிலையை வணங்கமாட்டோம் என்றார்கள். இரண்டு வாக்கியமும் ஒரே மூச்சில் வருகிறது. நாங்கள் அண்ணனுக்காக ஜெபித்தபோதெல்லாம் இரண்டையும் சொல்லப் பழகினோம். முதலாவதைச் சத்தமாகவும் இரண்டாவதை மெதுவாகவும் சொல்லுவேன் நான். அண்ணன் நேர்மாறு.

எரேமியாவிலிருந்து நடைமுறைக்கு எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. "வீடுகளைக் கட்டுங்கள்" என்பதை அண்ணன் உண்மையாகவே செய்தார். அவர் பிழைப்புக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். நோய் வந்ததும் விட்டுவிட்டார், "சரியானப்புறம் பார்க்கலாம்" என்று. அந்த எரேமியா பேச்சுக்குச் சில வாரம் கழித்து, பக்கத்து நாற்காலியில் டயாலிசிஸ் எடுத்தவரின் மகள் புத்தகத்தோடு காத்திருப்பதைப் பார்த்து, "என்னம்மா, அல்ஜீப்ராவா?" என்று ஆரம்பித்தார். இடது கையில் இரண்டு ஊசியும் பிளாஸ்திரியும், அசைக்கக்கூடாது. வலது கையால் பேடில் சமன்பாடு எழுதுவார். நான் பேடை நழுவாமல் பிடித்துக்கொள்வேன். கடைசி ஒரு மணி நேரம் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். அப்போது மட்டும் அந்தப் பெண் தானே போட்டுப் பார்க்க வேண்டும். சரியானபின் வாழலாம் என்று தள்ளிவைத்த வாழ்க்கையை அவர் அந்த நாற்காலியிலேயே எடுத்து வாழ ஆரம்பித்தார். நம்பிக்கை வந்தபின் இதைச் செய்தார் என்று நான் நினைக்கவில்லை. செய்யச் செய்யத்தான் நம்பிக்கை வந்தது.

எரேமியாவும் 32-ஆம் அதிகாரத்தில் இப்படி ஒன்று செய்கிறார். நகரம் முற்றுகையில் இருக்கிறது, அவரோ காவலில் இருக்கிறார். அந்த நேரத்தில் ஆனதோத்தில் இருக்கிற ஒரு நிலத்தை 17 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்குகிறார். எதிரி ராணுவம் நாட்டையே பிடித்துக்கொண்டிருக்கும்போது நிலம்! சாட்சிகளை வைத்துப் பத்திரம் எழுதி, அது அநேக நாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். அவர் அதில் ஒருநாளும் விதைத்திருக்கமாட்டார். நீங்கள் இருட்டான காலத்தில் இருந்தால், உணர்ச்சி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நாளை என்று ஒன்று இருக்கிறது என்பது போல ஒரு சின்னக் காரியத்தைச் செய்யுங்கள். ஒரு செடி, ஒரு பாடம், விட்டுப்போன ஒரு உறவுக்கு ஒரு போன். இவ்வளவு போதும்.

சங்கீதம் வாசிப்பதும் அங்கேதான் பழக்கமானது. ஒரு தடவை மிஷினில் ஏறினால் ஒரு சங்கீதம், வரிசையாக. பிடித்ததை மட்டும் எடுக்கக்கூடாது என்பது அண்ணன் போட்ட சட்டம். அதனால்தான் 88-ஆம் சங்கீதம் வந்தது. தேர்ந்தெடுத்து வாசித்திருந்தால் அதை நான் தாண்டிப் போயிருப்பேன். பொதுவாகப் புலம்பல் சங்கீதங்கள் எங்காவது ஓரிடத்தில் திரும்பும். 13-ஆம் சங்கீதம் "எதுவரைக்கும்" என்று ஆரம்பித்து ஆறே வசனத்தில் பாட்டில் முடிகிறது. 88 அப்படித் திரும்புவதில்லை. குழி, இருள், புதைகுழி என்று போய், அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. நான் வாசித்து நிறுத்தினேன். அண்ணன் கண்ணை மூடியபடியே, "அடுத்த பக்கத்துல மீதி இருக்கா பாரு" என்றார்.

"இல்லண்ணே. அவ்வளவுதான்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நல்லது. இப்படி ஒண்ணையும் உள்ள வெச்சிருக்காரே" என்றார்.

அதற்குப் பிறகு அவர் ஜெபத்தில் ஒரு மாற்றம் வந்தது. முன்பெல்லாம் முழுக்க ஸ்தோத்திரமாகவே இருக்கும், யாரோ கேட்டுக்கொண்டிருப்பது போல. பிறகு, "ஆண்டவரே, இன்னைக்கு எனக்கு இது சலிச்சுப்போச்சு" என்றுகூட ஆரம்பிப்பார். முறையிடுவதும் விசுவாசம்தான். பேச்சையே நிறுத்திவிடுகிறவன்தான் கையை விட்டவன். ஜெபிக்க வார்த்தை வராதவர்களுக்கு நான் இன்றும் சொல்வது, சங்கீதப் புத்தகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். அதில் ஒன்றை எடுத்து உங்கள் வாயால் சத்தமாக வாசியுங்கள். யாரோ உங்களுக்கு முன்பே எழுதிக்கொடுத்துவிட்ட ஜெபம் அது.

நடுவில் ஒரு காலம் அண்ணன் சரியாகத் தூங்கவில்லை, யாரோடும் பேசவில்லை, பேடையும் தொடவில்லை. நாங்கள் கூடுதலாக ஜெபித்தோம். ஒரு நர்ஸ்தான், இது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், டயாலிசிஸ் எடுப்பவர்களுக்கு வருவது உண்டு, டாக்டரிடம் சொல்லுங்கள் என்றார். மாத்திரையும் ஆலோசனையும் தந்தார்கள். சில வாரங்களில் தெளிவு தெரிந்தது. சூரைச்செடியின் கீழ் "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்ட எலியாவுக்குக் கர்த்தர் முதலில் அனுப்பியது பிரசங்கம் இல்லை. தூங்கவிட்டார், அடையும் தண்ணீரும் கொடுத்தார், திரும்பவும் தூங்கவிட்டார். பேச்சு அதற்கு அப்புறம்தான். மனம் உடைந்திருப்பவரிடம் "விசுவாசியுங்கள்" என்று சொல்வதற்குமுன் சாப்பிட்டாரா, தூங்கினாரா, டாக்டரைப் பார்த்தாரா என்று கேட்கிற பழக்கம் எனக்கு அங்கிருந்து வந்தது.

அண்ணனின் மரணம் சீக்கிரமாக வந்தது. ரத்தத்தில் தொற்று, தீவிர சிகிச்சை, சில நாட்கள். அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனமில்லை.

அடக்கத்தில் ஒருவர், "கர்த்தருக்கு அவர் தேவைப்பட்டார், அழாதீங்க" என்றார். எனக்கு அந்த வார்த்தை இன்றுவரை பிடிக்கவில்லை. வேதம் மரணத்தை நண்பன் என்று எங்கே சொல்கிறது? பவுல் அதைச் சத்துரு என்கிறார், கடைசிச் சத்துரு. லாசருவை இன்னும் சற்று நேரத்தில் எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் இயேசு கண்ணீர் விட்டார். நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் தெசலோனிக்கேயருக்கு எழுதியிருக்கிறது. துக்கிக்கவே வேண்டாம் என்று எழுதவில்லை. நான் நன்றாக அழுதேன்.

அழுகைக்கு அப்புறம் எது மிச்சமிருக்கிறது என்று பார்த்தால், எனக்கு 1 கொரிந்தியர் 15 மிச்சமிருந்தது. அங்கே பவுல் ஆறுதல் வார்த்தையாக எதையும் சொல்லி மழுப்பவில்லை. கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் உங்கள் விசுவாசம் வீண் என்று தன் முழு வாழ்க்கையையும் ஒரே சம்பவத்தின் மேல் கட்டுகிறார். கேபா என்கிற பேதுருவுக்குத் தரிசனமானார், பன்னிருவருக்கு, பிறகு ஐந்நூறுக்கும் அதிகமானவர்களுக்கு, அவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்று சாட்சிகளை அடுக்குகிறார். போய்க் கேட்டுப்பாருங்கள் என்பது போல. சிலுவையில் அறையப்பட்டு இருபத்தைந்து வருடம் போல ஆனபோது எழுதிய கடிதம் அது. அந்தக் கல்லறை உண்மையிலேயே காலியாக இருந்தது என்றால், அண்ணனின் கதை தீவிர சிகிச்சைப் பிரிவில் முடிந்துபோகவில்லை. என் உணர்ச்சி நாளுக்கு நாள் மாறும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது என் உணர்ச்சியைப் பொறுத்து மாறாது. எனக்கு வேண்டியிருந்தது அப்படி ஒன்றுதான்.

ஆனாலும் பல மாதங்கள் என்னால் சரியாக ஜெபிக்க முடியவில்லை. ஆலயத்துக்குப் போவேன், பாட்டு வராது. சுற்றி இருக்கிறவர்கள் பாடுவார்கள், நான் சும்மா நிற்பேன். அதற்காக வீட்டிலேயே இருந்துவிடாதது நல்லதாகப் போயிற்று. திமிர்வாதக்காரனைக் கட்டிலோடு தூக்கி வந்த நாலு பேரின் விசுவாசத்தைக் கண்டு இயேசு பேசினார் என்று மாற்கு எழுதுகிறாரே, கொஞ்ச காலம் நான் அந்தக் கட்டிலில் கிடந்தேன். திருவிருந்து அந்த நாட்களில் பெரிய உதவி. அதில் நான் எதையும் உணர வேண்டும், அழகாகச் சொல்ல வேண்டும் என்றில்லை. கையை நீட்டினால் போதும். "அவர் வருமளவும்" என்ற வார்த்தை ஒவ்வொரு முறையும் காதில் விழும்.

நோயாளி இருக்கிற வீட்டுக்குப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் இருந்தார்கள். அதுவரை அவர்கள் அருமையான நண்பர்கள். வாயைத் திறந்தபின்தான் எல்லாம் கெட்டது! எங்களுக்கு நினைவில் நிற்கிறவர்கள் நல்ல வசனம் சொன்னவர்கள் இல்லை. அண்ணியைத் தூங்கச் சொல்லிவிட்டு அவருக்குப் பதிலாக அந்த நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தவர்கள்தான். ஒருவர் வருவார், "ஜெபிக்கட்டுமா?" என்று கேட்பார், அண்ணன் வேண்டாம் என்றால் கிரிக்கெட் பேசுவார்.

இப்போது யாராவது தங்கள் வீட்டில் ஒருவர் டயாலிசிஸில் இருக்கிறார், ஜெபியுங்கள் என்றால், சுகத்துக்காகவே ஜெபிக்கிறேன். அவர் வல்லவர் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. தேதி மட்டும் சொல்வதில்லை. அப்புறம் வாரத்தில் எந்தெந்த நாள் முறை, எத்தனை மணிக்கு என்று கேட்டு, அதில் ஒரு நாளை என் கணக்கில் எழுதிக்கொள்கிறேன்.